அசதியும் சோம்பலும்

உப்பு நீரில் நனைத்த இரண்டு பஞ்சுத் துண்டுகள், அவற்றை நெற்றியின் இரு புறமும் அழுந்தியிருக்கும்படி பிடித்துக்கொள்ளும் ஒரு பட்டை, கையடக்கமான ஒரு பெட்டி, அதிலிருந்து புறப்படும் இரண்டு கம்பிகள்: மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் (எம்.எஸ்.) என்னும் நரம்பு நோயினால் அசதியுற்றிருப்பவர்களுக்கு, மண்டையைத் திறவாமலும் ஊசி குத்தாமலும் மூளைக்கு மின்சாரம் செலுத்திப் பார்க்கும் சிகிச்சைக்கு வேண்டிய சாதனங்கள் இவ்வளவே. விசையை அழுத்தியதும் 2 மில்லி ஆம்பியர் மின்சாரம், அதாவது மின்கருவிகளின் முகப்பில் எரியும் சிறு பொட்டு விளக்கு முழு ஒளி தருவதற்கு வேண்டியதில் ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்கு, தோலின் வழியே புறப்படுகிறது. அதில் பெரும்பகுதி தோலிலும் எலும்பிலும் சிதறிப் போக, எஞ்சிய சொற்பம் மூளையின் மேற்பரப்பைச் சென்று சேர்கிறது. நோயாளி உணர்வதெல்லாம் எறும்பு ஊர்வது போன்ற ஒரு குறுகுறுப்புத்தான். 20 நிமிஷம் கழிந்ததும் பட்டையைக் கழற்றிவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கலாம். இப்படிச் சில வாரங்கள் நாள்தோறும் செய்தபின், முன்பு படுக்கையை விட்டு எழுவதையே ஒரு மலையேற்றமாகக் கருதியிருந்தவர்களில் சிலர், பாரம் ஓரளவு குறைந்திருப்பதாகச் சொல்கிறார்கள்.

இந்தச் செய்தியை நான் முதலில் அறிந்தபோது என் மனத்தைப் பற்றிக்கொண்டது அதன் வைத்தியப் பயன் மாத்திரமன்று. முயற்சி என்று நாம் எதைப் புகழ்ந்து வந்திருக்கிறோமோ, சோம்பல் என்று எதை இகழ்ந்து வந்திருக்கிறோமோ, அவ்விரண்டும் மனிதனுடைய எந்தப் பகுதியைச் சேர்ந்தவை என்ற பழைய கேள்வி, இந்தப் பஞ்சுத் துண்டுகளுக்கு நடுவே மறுபடியும் வந்து நிற்கிறது. ஊக்கமின்மை ஆத்மாவின் குற்றமென்றால் அதை மின்சாரம் தொடுவது எப்படி? தேகத்தின் குறையே என்றால், தமோகுணத்தைக் கடந்து வா என்று சாஸ்திரங்கள் யாரை நோக்கிச் சொல்லின? இந்தக் கேள்விக்கு என்னால் இயன்ற அளவில் விடை தேடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் நோயின் இயல்பைச் சிறிது சொல்லிவிட வேண்டும். மூளையிலும் தண்டுவடத்திலும் உள்ள நரம்பிழைகளின் மேல், மின்கம்பியின் மேலுள்ள உறையைப் போல, மயலின் என்ற கொழுப்புறை ஒன்று உண்டு. தேகத்தைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே திசை மாறி அந்த உறையை ஆங்காங்கே தாக்கி அழித்துவிடுவதும், அழிந்த இடங்களில் தழும்பு கட்டிக்கொள்வதுமே இந்த வியாதி. தமிழில் இதைத் தண்டுவட மரப்பு நோய் என்று வழங்குகிறார்கள். பாரிஸ் நகரத்து சால்பெத்ரியேர் மருத்துவமனையில் ழான் மார்த்தேன் ஷார்கோ 1868-ஆம் ஆண்டில் இதைத் தனி நோயாகப் பிரித்து விவரித்தார். உலகெங்கும் ஏறத்தாழ 28 லட்சம் பேர் இதனோடு வாழ்வதாக 2020-ஆம் ஆண்டுக் கணக்கு கூறுகிறது. பெரும்பாலும் முப்பது வயதை ஒட்டி, வாழ்வு விரியும் பருவத்தில் இது வந்து சேர்கிறது. ஆண்களை விடப் பெண்களை இரு மடங்கேனும் அதிகமாகப் பற்றுகிறது.

பார்வை மங்குதல், கால் மரத்தல், நடை தடுமாறல் முதலிய குறிகள் பிறர் கண்ணுக்குப் புலப்படுபவை. ஆனால் நோயாளிகளில் முக்கால்வாசிப் பேருக்கு மேல் சொல்லும் குறை ஒன்று எவர் கண்ணுக்கும் தெரிவதில்லை. அதுவே அசதி. உழைத்துக் களைத்தவனுக்கு உறக்கம் மருந்தாகிறது. இந்த அசதியோ இரவு முழுவதும் உறங்கி எழுந்தவரையும் விடியற்காலையிலேயே பற்றிக்கொள்கிறது. வெயில் ஏறினால் தானும் ஏறுகிறது. வெந்நீரில் குளித்தால், காய்ச்சல் வந்தால், அடுப்பின் முன் நின்றால் இவர்களுடைய நரம்புகள் முன்னிலும் தளர்ந்துவிடுகின்றன. இந்தத் தளர்ச்சியை, உடற்பயிற்சி செய்த நோயாளிகளின் பார்வை மங்குவதைக் கண்டு, வில்ஹெல்ம் ஊட்ஹாஃப் என்ற ஜெர்மானியக் கண் வைத்தியர் 1890-இல் குறித்து வைத்தார். உழைப்பினால் ஏறிய தேக உஷ்ணமே அதற்குக் காரணம் என்பது பிறகு தெளிவாயிற்று. உறையிழந்த நரம்பில் செய்தி தட்டுத்தடுமாறிச் செல்கையில், சிறிது உஷ்ணம் கூடினாலும் அது வழியிலேயே நின்றுபோகிறது. ஒரு காலத்தில் நோயைக் கண்டறிய வேண்டியே நோயாளியை வெந்நீர்த் தொட்டியில் உட்காரவைத்துப் பார்த்தார்கள்.

விந்தை என்னவென்றால், மூளையில் எத்தனை தழும்புகள் உள்ளன என்று படம் பிடித்து எண்ணினாலும், அந்த எண்ணிக்கையிலிருந்து ஒருவருடைய அசதியின் அளவை ஊகிக்க முடிவதில்லை. தழும்புகள் மலிந்தவர் நடமாடுகிறார். சிலவே உடையவர் படுக்கையிலேயே கிடக்கிறார். ரத்தப் பரிசோதனையும் இதைக் காட்டுவதில்லை. நோயாளியிடம் கேட்டு எழுதிக்கொள்வதைத் தவிர வேறு வழியின்மையால், 1989-இல் ஒன்பது வாசகங்கள் கொண்ட ஒரு படிவத்தை அமைத்தார்கள். அதன்பின் 21 வினாக்கள் கொண்ட மற்றொன்றும் வழக்கத்துக்கு வந்தது. இன்று உலகில் நடக்கும் ஆராய்ச்சிகளெல்லாம் பெரும்பாலும் இவ்விதப் படிவங்களையே நம்பி நடக்கின்றன. இதன் பொருளை நாம் ஊன்றிப் பார்க்க வேண்டும்.

ஒரு வஸ்துவை அறிவதற்குக் காண்டல், கருதல், உரை என்று மூன்று அளவைகளைச் சைவ சித்தாந்திகள் தமிழில் வகுத்துச் சொன்னார்கள். புகையும் நெருப்பும் காண்டலுக்கும் கருதலுக்கும் உரியவை. கண்டவர் சொல்லக் கேட்டு அறிய வேண்டியவை உரையின் பாற்பட்டவை. பிறனொருவனுடைய அசதியை நான் காண முடியாது. கருதிப் பார்க்கலாமே என்றால், எனக்கு நேர்ந்த களைப்பைத் தானே நான் அளவுகோலாக வைத்துக் கருதுவேன்? அந்த அளவுகோல் இங்கே பொய்த்துவிடுகிறது; உறங்கினால் தீராத களைப்பை ஒருநாளும் அறியாதவனுக்கு அதைக் கருதிக்கொள்ளவும் முதலில்லை. ஆகவே எஞ்சுவது உரை ஒன்றே. அவர் சொல்ல வேண்டும், நான் நம்ப வேண்டும். ஆப்த வாக்கியம், அதாவது நம்பத்தக்கவர் உரை, என்ற பிரமாணம் வேதத்துக்கும் சித்தர் வாக்குக்கும் மட்டும் உரியதென்று நாம் எண்ணிக்கொண்டிருக்க, அதே பிரமாணத்தின் மேல்தான் நியூயார்க்கிலும் ரோமிலும் உள்ள ஆராய்ச்சிச் சாலைகள் நிற்கின்றன.

ஆனால் உலகம் அவ்வாறு நம்பிவிடுவதில்லை. இங்கிலாந்து தேசத்து அரசர் மூன்றாம் ஜார்ஜின் பேரரான அகஸ்டஸ் டெஸ்தே, 1822 டிசம்பரில், தாம் தந்தையாக எண்ணி அன்பு பாராட்டிய உறவினர் ஒருவரைக் காண ஸ்காட்லாந்துக்குச் சென்று, அவர் இறந்துவிட்டதை அறிந்து, அந்த ஈமச் சடங்கின் சமயத்தில் கண் மங்கக் கண்டார். அன்று தொடங்கி ஏறக்குறைய இருபத்துநான்கு வருஷம் தம் தேகம் தளர்ந்து வந்த விதத்தை நாட்குறிப்பில் எழுதி வைத்தார். ஷார்கோவுக்கு முற்பட்டதாதலால் அவருடைய நோய்க்கு அப்போது பெயரே கிடையாது. நோய்க்குப் பெயர் வந்து ஒரு நூற்றாண்டு கழிந்த பின்பும் நிலைமை பெரிதும் மாறிவிட்டதாகச் சொல்ல முடியாது. செல்லோ வாத்தியத்தில் உலகப் புகழ் பெற்ற ஜாக்குலின் டு ப்ரே, விரல்களில் உணர்வு குன்றி, ஓயாத அசதியால் மேடையை விட்டு விலகியபோது, 1973-இல் நோய் நிச்சயிக்கப்படும் வரையில், மனச் சஞ்சலமே காரணம் என்று கருதப்பட்டது. அரச குடும்பத்தவருக்கும் கலையுலகச் சிகரத்தில் இருந்தவருக்கும் இதுவென்றால், கூலிவேலை செய்பவளும் குழந்தைகளை வைத்துக்கொண்டு திண்டாடும் தாயும் என்னென்ன கேட்டிருப்பார்கள் என்பதை நினைக்கவே மனம் நோகிறது.

இப்படி நம்ப மறுப்பதற்கு நம்முடைய சமய மரபுகளும் ஓரளவு காரணமோ என்ற ஐயம் எழுகிறது. நாலாம் நூற்றாண்டில் எகிப்து தேசத்துப் பாலைவனத்தில் தவம் செய்த எவாக்ரியுஸ் என்ற துறவி, சாதகனைப் பீடிக்கும் எட்டுத் தீய எண்ணங்களில் அக்கேடியா என்ற ஒன்றை எல்லாவற்றிலும் கொடியதென்று குறித்தார். அது நடுப்பகலில் வரும் பேய். முற்பகல் பத்து மணிக்குத் தொடங்கி இரண்டு மணி வரையில் துறவியைச் சுற்றி முற்றுகையிடும். சூரியன் அசையாமல் நிற்பதாகத் தோற்றுவிக்கும். சாப்பாட்டு வேளைக்கு இன்னும் எவ்வளவு என்று அடிக்கடி வெளியே எட்டிப் பார்க்கச் செய்யும். இருக்கும் குடிலையும் செய்யும் தொழிலையும் வெறுக்கச் செய்யும். பாலைவனத்து உச்சி வெயிலில் தனித்து உட்கார்ந்தவர் தம்மையே கூர்ந்து நோக்கி எழுதிய அந்த வர்ணனை, சூட்சுமமான மனோதத்துவம். ஆனால் அது கைமாறிக் கைமாறி மேற்கே போய், ஆறாம் நூற்றாண்டின் இறுதியில் போப் கிரிகோரியின் ஏழு பாவங்களின் பட்டியலில் துக்கத்தோடு கலந்து, பின்னர் வெறும் சோம்பலாகவே உருமாறி, கடைசியில் ஊரார் ஒருவரையொருவர் ஏசிக்கொள்ளும் வசைச் சொல்லாயிற்று. தன் குடிலில் தன்னைத் தானே ஆராய்ந்த ஒருவன் கண்டுபிடித்த கருவி, பிறன் மேல் வீசும் கல்லாக மாறிப்போன கதை இது.

நம் பக்கத்திலும் இதையொத்த ஒன்று நிகழ்ந்திருக்கிறது. தமோகுணம் ஜீவனைப் பிரமாதம் என்னும் கவனக்குறைவாலும் ஆலஸ்யம் என்னும் சோம்பலாலும் நித்திரையாலும் கட்டுகிறது என்று கீதையின் பதினாலாம் அத்தியாயம் கூறுவதை எடுத்துக்கொண்டு, படுத்திருப்பவனைப் பார்த்துத் தாமசன் என்று சொல்லிவிடுவது எளிதாகிவிட்டது. ஆனால் நம் முன்னோர் இவ்வளவு எளிதாகச் சொன்னவர்கள் அல்லர் என்பதற்குப் பதஞ்சலியின் யோக சூத்திரமே சாட்சி. யோகத்துக்கு இடையூறுகள் ஒன்பது என்று அவர் முதற் பாதத்தில் எண்ணிச் சொல்லும்போது, வியாதி என்பதை முதலிலும், ஸ்தியானம் என்பதை அதற்கடுத்தும், ஆலஸ்யம் என்பதைத் தள்ளி ஐந்தாவதாகவும் வைக்கிறார். வியாசர் தம் பாஷ்யத்தில் இவற்றைப் பிரித்துக் காட்டுகிறார்: தாதுக்களும் ரசங்களும் கரணங்களும் சமநிலை குலைவது வியாதி, சித்தம் செயலுக்கு உதவாமற்போவது ஸ்தியானம், உடலும் சித்தமும் கனத்திருப்பதால் முயலாமலிருப்பது ஆலஸ்யம். மூன்றும் வெளியிலிருந்து பார்ப்பவனுக்கு ஒரே மாதிரிதான் தெரியும், மூன்றிலும் மனிதன் பாயில்தான் கிடப்பான். இருந்தும் மூன்றுக்கும் மூன்று பெயர் வேண்டும் என்று அந்த ரிஷிகளுக்குத் தோன்றியிருக்கிறது. இரண்டாவதாகச் சொன்ன ஸ்தியானத்தை நான் பல தடவை சிந்தித்ததுண்டு. நோய் என்றும் சொல்ல முடியாத, குற்றம் என்றும் சொல்ல முடியாத ஓர் இயலாமைக்கு, சித்தமே இறுகிப்போன ஒரு நிலைக்கு, அவர்கள் தனி இடம் ஒதுக்கினார்கள். எம்.எஸ். நோயாளி படிவத்தில் எழுதும் அனுபவத்துக்கு இதைவிட நெருங்கிய சொல் வேறு மொழிகளில் உண்டா என்பது சந்தேகமே.

இன்னும் ஒன்று: இந்த இடையூறுகளைப் பதஞ்சலி யாருக்குச் சொன்னார்? சாதகனுக்குச் சொன்னார், அவன் தன் சித்தத்தில் தானே பார்த்துக்கொள்வதற்காக. கீதையில் குணங்களைப் பிரித்துச் சொன்னதும், ஒருவன் தன்னுள் எது மேலோங்கியிருக்கிறது என்று உணர்ந்து அதைக் கடப்பதற்காகவே. இச்சொற்கள் எல்லாம் தன்மை இடத்துக்கு உரியவை. படர்க்கையில் சொன்ன மாத்திரத்தில் பொருள் திரிந்துவிடுகின்றன. நம் தமிழ் மொழியின் வழக்கிலேயே இந்த நுட்பம் பொதிந்து கிடக்கிறது. தன்னைப் பற்றிப் பேசும்போது ஒருவன் 'எனக்குச் சோம்பலாக இருக்கிறது' என்கிறான். பசி வந்ததைப் போலவும் குளிர் வந்ததைப் போலவும், எங்கிருந்தோ வந்து தன்னைப் பற்றிய ஒன்றாகவே அதைச் சொல்லுகிறான். அதையே அயலானைப் பற்றிச் சொல்ல நேரும்போது 'அவன் சோம்பேறி' என்கிறான். வந்த ஒன்று அப்போது அவனுடைய சொரூபமாகிவிடுகிறது. அசதிக்கோ இப்படி ஆளைக் குறிக்கும் பெயர் எதுவும் நம்மிடம் இல்லை. அசதி யாருக்கும் வரலாம். அதனால் யாரும் எதுவும் ஆகிவிடுவதில்லை. நானும் என் வாழ்நாளில் சிலரைச் சோம்பேறிகள் என்று மனத்துள் தீர்த்து வைத்ததுண்டு. அவர்கள் தேகத்துக்குள் என்ன நிகழ்ந்துகொண்டிருந்தது என்பதை நான் ஒருபோதும் கேட்டதில்லை என்பதை இப்போது வருத்தத்தோடு நினைத்துக்கொள்கிறேன்.

இனி மின்சாரத்துக்கு வருவோம். தலைவலிக்கு மின்சாரத்தை வைத்துப் பார்க்கும் யுக்தி புதிதன்று. ரோமச் சக்கரவர்த்தி கிளாடியஸின் காலத்து வைத்தியரான ஸ்கிரிபோனியுஸ் லார்குஸ், உயிருள்ள மின்திருக்கை மீனைத் தலைவலிக்காரரின் தலைமேல் வைக்கும்படி எழுதி வைத்திருக்கிறார். தற்காலத்து முறையோ, 2000-ஆம் ஆண்டில் கோட்டிங்கன் நகரத்தில் மைக்கேல் நிட்ஷே, வால்டர் பவுலுஸ் என்ற இருவர் வெளியிட்ட ஆராய்ச்சியிலிருந்து தழைத்தது. மண்டையின் மேலிருந்து சில நிமிஷம் மெல்லிய மின்சாரம் செலுத்தினால், மூளையின் அந்தப் பகுதி தூண்டுதலுக்கு இணங்கும் தன்மை கூடவும் குறையவும் செய்கிறது என்றும், மின்சாரத்தை நிறுத்திய பின்பும் அந்த மாறுதல் சிறிது நேரம் நீடிக்கிறது என்றும் அவர்கள் காட்டினார்கள். பதின்மூன்று நிமிஷம் செலுத்தினால் ஒன்றரை மணி நேரம் வரை விளைவு நிற்பதை அடுத்த ஆண்டிலேயே கண்டார்கள்.

இதில் தத்துவ விசாரணைக்கு மிகவும் வேண்டிய ஒரு நுட்பம் இருக்கிறது. ஷெஃபீல்டில் ஆண்டனி பார்க்கர் 1985-இல் கண்டுபிடித்த காந்தத் தூண்டல் முறை, நரம்பணுவை நேராகவே சுண்டி எழுப்புவது. மூளையின் உரிய இடத்தின் மேல் காந்தச் சுருளை வைத்தால், நாம் நினையாமலே நம் கட்டைவிரல் துள்ளும். பஞ்சுத் துண்டுகளின் வழியே செல்லும் மெல்லிய மின்சாரமோ எந்த அணுவையும் எழுப்புவதில்லை, எந்த விரலையும் அசைப்பதில்லை. எழுவதற்கு அந்த அணுவுக்கு இருக்கும் தயக்கத்தை அது சற்றே தளர்த்துகிறது, அவ்வளவுதான். வாசற்படி சிறிது தாழ்கிறது. கடந்து போக வேண்டியவர் கடந்து போனால்தான் உண்டு. செயலைச் செய்விப்பது வேறு, செயலுக்கு இடம் கொடுப்பது வேறு. அதனால், மின்சாரமே மனிதனுக்குச் சங்கல்பத்தை உண்டாக்கிவிட்டது, இனி ஆத்மா என்பதற்கு வேலையில்லை என்று அவசரப்பட்டு முழங்குகிறவர்கள், இந்தக் கருவி செய்வது இன்னதென்று சரியாகப் பார்க்கவில்லை என்றே சொல்வேன்.

அது எவ்வளவு தூரம் பலிக்கிறது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ரோமில் 2014-இல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், தேகத்தின் உணர்வுகளைப் பெறும் மூளைப் பகுதியின் மேல் நாள்தோறும் 15 நிமிஷம் ஐந்து நாட்கள் மின்சாரம் செலுத்தியதில், நோயாளிகளின் அசதி குறைந்தது. சோதிக்கப்பட்டவர்கள் பத்துப் பேர். நியூயார்க் பல்கலைக்கழகத்தார் 2018-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், நோயாளிகள் வீட்டிலிருந்தபடியே, திரையில் ஒருவர் மேற்பார்வை பார்க்க, நெற்றிப் பகுதிக்கு இருபது தடவை மின்சாரம் செலுத்திக்கொண்டார்கள். போலிச் சிகிச்சை பெற்றவர்களை விட மெய்யான மின்சாரம் பெற்றவர்களின் அசதி அதிகமாகத் தணிந்தது. இவர்களும் மொத்தம் 27 பேரே. வேறு சில சோதனைகளில் இரு சாராருக்கும் வித்தியாசம் தெரியாமலும் போயிருக்கிறது. ஆகவே இது நிலைபெற்ற மருந்து என்று கூறுவதற்கில்லை. நம்பிக்கை தரும் ஒரு தொடக்கம் என்று கூறலாம்.

மாத்திரைகள் இதைவிட மேலோ என்றால் அதுவுமில்லை. அசதிக்கென்று நெடுங்காலமாகக் கொடுத்துவந்த அமண்டடின், மொடாஃபினில், மெத்தில்பெனிடேட் ஆகிய மூன்று மருந்துகளையும் வெற்று மாத்திரையோடு ஒப்பிட்டு, அமெரிக்காவில் 141 நோயாளிகளை வைத்துச் செய்த சோதனையின் முடிவு 2021-இல் வெளியாயிற்று. மூன்றில் ஒன்றும் வெற்று மாத்திரையை வெல்லவில்லை. ஆனால் வெற்று மாத்திரையை உண்ட வாரங்களிலும், 84-க்கு 51 என்றிருந்த அசதியின் அளவு 41-ஐ ஒட்டி இறங்கியிருந்தது. 'வெறும் மனப்பிரமை' என்று இதைத் தள்ளிவிடுகிறவர்கள் உண்டு. நான் அவர்களோடு உடன்பட மாட்டேன். வெற்று மாத்திரையை விழுங்கியவர்களுக்கும், போலி மின்சாரத்தில் தொடக்கக் குறுகுறுப்பை மட்டும் பெற்றவர்களுக்கும் வேறொன்று மெய்யாகவே கிடைத்தது: தங்கள் சொல்லை ஒருவர் கேட்டார், எழுதிக்கொண்டார், மறுபடியும் வந்து கேட்டார். வருஷக்கணக்காக ஒருவரும் நம்பாத ஒன்றைச் சிலர் நம்பினார்கள். அந்தப் பத்து எண்களில் இதன் பங்கு எவ்வளவு என்று பிரித்தெடுக்க முடியாவிட்டாலும், சிறிதும் இல்லை என்று என்னால் எண்ண முடியவில்லை.

இவ்வகை விவாதத்தில் பக்தர்கள் சிலர் எழுப்பக்கூடிய ஆட்சேபம் ஒன்றுண்டு. மின்சாரத்தால் கிடைத்த ஊக்கம் ஒருவருக்குச் சொந்தமாகுமா? அசதி தணிந்த ஒரு பெண் அதிகாலையில் எழுந்து பிரார்த்தனை செய்தால், அந்தப் பிரார்த்தனை அவளுடையதா, பெட்டியினுடையதா? இதற்கு விடை சாந்தோக்கிய உபநிஷத்தின் ஆறாம் அத்தியாயத்தில் எப்போதோ சொல்லப்பட்டுவிட்டது. உத்தாலகர் தம் மகன் சுவேதகேதுவைப் பதினைந்து நாள் ஒன்றும் உண்ணாமல் தண்ணீர் மட்டும் குடித்திருக்கச் சொன்னார். அவனும் அவ்வாறே இருந்து பின்பு தகப்பனிடம் வந்தான். வேதங்களை ஓது என்றார் அவர். பன்னிரண்டு வருஷம் குருகுலத்தில் கற்று, கற்றேன் என்ற செருக்கோடு திரும்பிய அந்தப் பிள்ளைக்கு, ருக்கும் யஜுஸும் சாமமும் ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. பெருந்தீ அணைந்து மின்மினியளவு கங்கு எஞ்சியிருந்தால் அதனால் எதை எரிக்க முடியும் என்று சொல்லி, போய்ச் சாப்பிட்டு வா என்று அனுப்பினார். உண்டு வந்தான், கேட்டதற்கெல்லாம் விடை சொன்னான். மனம் அன்னமயமானது என்பதைத் தகப்பன் மகனுக்குக் காட்டிய விதம் அது.

உண்ட சோறு ஓதிய வேதத்துக்குச் சொந்தம் கொண்டாடவில்லை. சோறில்லாமல் ஓதவும் முடியவில்லை. சுவேதகேதுவின் கல்வி அந்தப் பதினைந்து நாளும் எங்கும் போய்விடவில்லை என்பதையும், அவன் அப்போது சோம்பேறி ஆகிவிடவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். உத்தாலகர் மகனைக் கடிந்துகொள்ளவில்லை. அவர் தகப்பனாயிற்றே, அவனுக்கு வேண்டியது அதட்டல் அன்று, அன்னம் என்பது தெரிந்திருந்தது. நாம் உண்பதும் உறங்குவதும் நீராடுவதும் நம் ஊக்கத்துக்கு எந்த வகையில் துணையாகின்றனவோ, அந்த வகையிலேயே இரண்டு மில்லி ஆம்பியரும் துணையாகிறது. அருள் சோற்றின் வழியே வரலாமென்றால் கம்பியின் வழியே வரக்கூடாதென்பதற்கு யாதொரு பிரமாணமும் இல்லை.

ஃபிரான்ஸ் தேசத்துத் தத்துவ ஞானியாகிய மேன் த பிரான், மனிதன் தன்னை 'நான்' என்று அறிவதே முயற்சியில்தான் என்று கூறினார். கையை உயர்த்த முயல்கிறேன், தேகம் எதிர்க்கிறது, அந்த எதிர்ப்பை மீறும்போது முயல்கிறவன் ஒருவன் இருக்கிறான் என்பது எனக்குப் புலனாகிறது. இந்தக் கருத்தை ஒரு கணம் ஏற்றுக்கொண்டு பார்த்தால் வியப்பான ஒன்று விளங்கும். எம்.எஸ். நோயாளியும் ஆரோக்கியமானவனும் ஒரே விரலை ஒரே விதமாக அசைக்கும்போது மூளையைப் படம் பிடித்துப் பார்த்திருக்கிறார்கள்; நோயாளியின் மூளை அந்தச் சிறு அசைவுக்கே அதிகப் பரப்பை வேலைக்கு இழுத்துக்கொள்கிறது. மற்றவன் நினையாமலே செய்வதை இவர் தம் முழு நினைவையும் கூட்டிச் செய்கிறார். எதிர்ப்பை மீறுவதே முயற்சி என்றால், காலையில் எழுந்து பல் துலக்கிவிட்டு மறுபடி படுத்துக்கொள்ளும் அந்தப் பெண், மலையேறித் திரும்பும் வாலிபனை விட அதிகம் முயன்றிருக்கிறாள். சோம்பலின் உருவமாக நமக்குத் தோன்றுவது முயற்சி முழுவதையும் செலவிட்டுத் தீர்ந்த நிலையாக இருக்கலாம்.

துன்பத்தை ஈசுவரன் தந்த தவமாக ஏற்பதே மேல், அதைக் கருவிகளால் விலக்கிக்கொள்வது கீழ் என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். ஹாலந்து தேசத்து ஸ்கீடாம் ஊரில் 1380-இல் பிறந்த லிட்வினா, பதினைந்தாம் வயதில் பனிச்சறுக்கலில் விழுந்து, 1433-இல் இறக்கும் வரையில் படுக்கையிலேயே கிடந்து, தன் வேதனையைப் பிரார்த்தனையாக மாற்றிக்கொண்டாள். கத்தோலிக்கத் திருச்சபை அவளைப் புனிதையாக வணங்குகிறது. அவளுக்கு வந்தது இந்த நோயே என்று கருதும் வைத்தியர்களும் உண்டு, மறுப்பவர்களும் உண்டு. அவளுடைய ஏற்பு மகத்தானது என்பதில் எனக்குச் சிறிதும் ஐயமில்லை. ஆனால் அது அவளாக ஏற்றது. ஆரோக்கியமாக இருக்கும் நான், நோயுற்ற அயலாளிடம் சென்று, இதைத் தவமாக ஏற்றுக்கொள் என்று சொல்வதற்கு எனக்கு என்ன அதிகாரம்? சோம்பல் என்ற சொல்லைப் போலவே தவம் என்ற சொல்லும் தன்னை நோக்கிச் சொல்லிக்கொள்ள வேண்டியது.

ஆகவே ஊக்கமின்மை ஆத்மாவின் குற்றமா, தேகத்தின் குறையா என்று ஆரம்பத்தில் கேட்ட கேள்விக்கு, அதை யார் யாரைப் பற்றிக் கேட்கிறார் என்பதைப் பொறுத்தது என்பதே என் விடை. என்னைப் பற்றி நான் கேட்டுக்கொள்ளும்போது, ஆலஸ்யமோ என்று சந்தேகிக்கக் கடமைப்பட்டிருக்கிறேன். அந்தச் சந்தேகம் இல்லாதவனுக்குச் சாதனையே இல்லை. பிறனைப் பற்றிக் கேட்கும்போது, வியாதி என்றோ ஸ்தியானம் என்றோ கொள்வதற்கே எனக்கு உரிமை உண்டு; மூன்றாவது சொல் அவனுடைய அந்தரங்கத்துக்கு உரியது.

உங்கள் இல்லத்திலோ நீங்கள் வேலை செய்யும் இடத்திலோ ஒருவர், பார்ப்பதற்கு ஆரோக்கியமாகவே இருப்பவர், என்னால் முடியவில்லை என்று சொல்லி உட்கார்ந்துவிட்டால், காரணத்தைப் பிறகு கேட்டுக்கொள்ளலாம். முதலில் வெயில் படாத இடத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு, விசிறியைச் சுழலவிட்டு, குளிர்ந்த நீர் ஒரு டம்ளர் கொண்டுவந்து கொடுங்கள்.